மனச்சாட்சிக் குப்பி

சாமியாடிகளுக்கு மவுசு குறைந்துவிட்டது. அதற்காக நம் மக்கள் ஏமாறுவதை விட்டுவிட்டார்களா என்ன? வெள்ளைக் கோட்டுப் போட்டவன் வந்தால் இன்னும் மரியாதையாக ஏமாறுகிறார்கள். அப்படி வந்து இறங்கியவர்தான் 'ஹார்மோன் ஞானி'. அவர் குப்பியில் இருந்ததாம் அன்பு ஹார்மோன். மோந்தால் மனச்சாட்சி விழிக்குமாம். யோக்கியன் சிரிப்பானாம், குற்றவாளி அழுவானாம். தெரு முழுக்க வரிசை. மனைவியைச் சோதிக்கக் கணவன், மருமகளைச் சோதிக்க மாமியார். தன்னைச் சோதித்துக்கொள்ள மட்டும் ஒருவரும் வரவில்லை.

சலவைக்கடை முதலாளி ஞானியைக் கடைக்கே அழைத்து வந்தார். வாடிக்கையாளர் ஒருவரின் கம்பளிக் கோட்டு காணாமல் போயிருந்தது.

"யார் மேல சந்தேகம்?" ஞானி காதோடு கேட்டார்.

"இஸ்திரி போடற அம்மா மேலதான். முகமே சரியில்ல."

அவள் மகளுக்குக் காய்ச்சல். முகம் எப்படிச் சரியாக இருக்கும்? அதை விசாரிக்க முதலாளிக்குத் தோன்றவில்லை. விஞ்ஞானம் வாசலுக்கே வந்துவிட்டதே!

துவைப்பவர் மோந்தார், சிரித்தார். கணக்குப்பிள்ளை மோந்தார், அவரும் சிரித்தார். இஸ்திரி அம்மாவின் முறை வந்தபோது ஞானியின் கை ஒருதரம் பைக்குள் போய் வந்தது. மோந்தவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ, எரியுதுங்க! நான் எடுக்கலீங்க!"

"எரியறது மூக்கில்ல, மனச்சாட்சி!"

கூட்டம் கைதட்டியது. முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. கூடப்பிறந்தவள் மாதிரி நினைத்தேனே! "வெளிய போ!" என்று கத்தினார்.

"இருடா தம்பி" என்று குறுக்கே வந்தார் அவருடைய அக்கா. ஹார்மோன் கோளாறுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். "ஹார்மோன் கூடிக் குறைஞ்சா கோபம் வரலாம், பயம் வரலாம். யார் நல்லவன், யார் கெட்டவன்னு நாம நினைக்கறதுகூடக் கொஞ்சம் சாயலாம். ஆனா கோட்டை யார் எடுத்தாங்கன்னு அதுக்கு யார் சொன்னது?"

பேசிக்கொண்டே ஞானியின் கையிலிருந்த அந்தக் குப்பியைப் பிடுங்கி மோந்தார். கண்ணீர். தம்பியின் மூக்கில் நீட்டினார். அங்கேயும் கண்ணீர்.

"நாமளும் கூட்டுக் களவாணிங்கதான் போலிருக்கு. ஞானி, நீங்க வாங்க."

"எனக்கெதுக்கும்மா? எனக்கு ஜலதோஷம்..."

"யோக்கியன் சிரிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் விடவில்லை. மோந்த ஞானி எல்லோரையும்விட அதிகமாக அழுதார். டாக்டர் அவர் பையை உதறியதும் இன்னொரு குப்பி உருண்டது. அதில் ரோஜா வாசனை. இதில் மிளகாய்ச் சாறு. ஹார்மோன் எதிலும் இல்லை.

அப்போது வேறொரு வாடிக்கையாளர் கையில் கம்பளிக் கோட்டோடு உள்ளே நுழைந்தார். "இந்தக் கோட்டு எங்களுது இல்லீங்க. நேத்து நீங்களே தவறிப்போய் எங்க மூட்டையில வச்சுக் கட்டிட்டீங்க."

முதலாளி இஸ்திரி அம்மாவிடம் போய், "மன்னிச்சிடும்மா" என்றார்.

"குப்பி சொன்னதை நம்பினீங்க. நான் சொன்னதை ஏங்க நம்பல?"



கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை. "அப்போ உண்மையைக் கண்டுபிடிக்க வேற மருந்தே இல்லீங்களா டாக்டர்?"

"இருக்கே! உங்க ரெண்டு காதுக்கும் நடுவுலதான் இருக்கு. இன்னும் மூடியே திறக்கல."