ஆடாமல் நிற்காத கோடுகள்

திரையில் கோடுகள் மறுபடியும் ஆடின. பொறியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எவன்டா அது, வராண்டாவில நடக்கிறது?" என்றார்.

நடந்தவர் மேனேஜர். அது தெரிந்த பிறகும் பொறியாளர் அந்த 'எவன்டா'வைத் திரும்பப் பெறவில்லை. இருபது வருஷமாக ஒளியோடு மல்லுக்கட்டுகிற மனிதரை, மாமியார் முதல் மேனேஜர் வரை அத்தனை பேரும் மூக்குக்கண்ணாடி ரிப்பேர்காரராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம்கூட மாமியார், காதில் மாட்டுகிற கம்பி தொளதொளவென்று இருப்பதாகத் தன் கண்ணாடியைக் கொடுத்தனுப்பியிருந்தார். இப்படிப்பட்ட ஜனங்களுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

வேலை இதுதான். மெருகேற்றிய லென்ஸின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் விழும். அவை அசையாமல் நின்றால் லென்ஸின் மேடுபள்ளத்தை அளந்துவிடலாம். மேசை ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அதிர்ந்தாலும் போச்சு. இன்று ஐந்து மணிக்குள் அளந்து கையெழுத்துப் போடாவிட்டால், நாளை முதல் இந்த ஆய்வகம் மெருகுப் பிரிவு மேஸ்திரியின் பொறுப்புக்குப் போய்விடும் என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்ட மேஸ்திரியிடம் லீவு லெட்டர் நீட்டுவதைப் பொறியாளரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அந்த மேஸ்திரி வேறு வந்து எட்டிப் பார்த்தார். "லென்ஸ் நல்லாத்தாங்க இருக்கு. அளக்கிற இடத்துலதான் ஏதோ கோளாறு."

அந்த ஆளோடு வாதாடுவது தான் வாங்கிய இரண்டு பட்டங்களுக்கும் இழுக்கு என்று பொறியாளர் நினைத்தார்.

ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளியை நிறுத்தி, வராண்டாவில் யாரும் நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உட்கார்ந்து பார்த்தால் கோடுகள் முன்னைவிட மோசமாக ஆடின. விசாரித்ததில், ஆபீஸ் முழுக்க மாடிப்படி வழியாகச் சுற்றிப் போவது தெரிந்தது. படியையும் அடைத்தார். எல்லோரும் லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்டை நிறுத்தினார். உள்ளே சிக்கிக்கொண்ட டைப்பிஸ்ட் அம்மா கதவைப் படபடவென்று தட்டத் தொடங்கினார். அவரைக் கொஞ்சம் மெதுவாகத் தட்டச் சொல்லும்படி பொறியாளர் காவலாளியிடம் சொல்லியனுப்பினார். அந்த அம்மா திருப்பிச் சொல்லியனுப்பியதை எழுத முடியாது.

கோடுகள் இன்னும் அதிகமாகக் குதித்தன. ஏசியை அணைத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கோடுகள் மட்டும் குதிப்பதை நிறுத்தவில்லை. மணி நாலு ஆகிவிட்டது. முட்டாள்கள் நடுவில் நுட்பமான வேலை பார்க்க வந்த தன் தலையெழுத்தை நொந்துகொண்டார்.

நாலரைக்குத் துணிந்துவிட்டார். டைப்பிஸ்ட் அம்மாவை லிஃப்டிலிருந்து விடுவித்துவிட்டு, தீயணைப்பு ஒத்திகை என்று மணியை அடித்தார். கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளியைத் தவிர கட்டடமே காலியானது. வெயிலில் ஃபைலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மேனேஜர் நின்றார். பக்கத்தில் மேஸ்திரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மின்விசிறிகூட ஓடவில்லை. இனி எவன் வந்து கெடுப்பான் என்று பொறியாளர் மேசை முன் உட்கார்ந்தார்.

கோடுகள் பேயாட்டம் ஆடின.

ஐந்து மணிக்கு மேனேஜர் போன் செய்தார். ஒத்திகை பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இப்போதைக்கு அறைச் சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். இந்த வயதில், அதுவும் ஆபீஸில், அழுகை வரும் என்று பொறியாளர் நினைத்ததே இல்லை. வந்த அழுகையைக் கோபமாக்கிக் காவலாளியிடம் காட்டினார்.

"இன்னும் எதையோ நிறுத்தாம விட்டிருக்கே. நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்தக் கட்டடத்துல இப்ப என்னதான்யா ஆடிக்கிட்டிருக்கு?"

காவலாளி கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து தலையை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். மேசையோட குறுக்குக் கட்டையில வச்சு, உக்காந்ததுலேர்ந்து விடாம ஆட்டிக்கிட்டிருக்கீங்களே, உங்க வலது கால்."