பின்னால் போகவேண்டிய இன்ஜின்

பிக்கப் வண்டியின் இன்ஜினைக் கழற்றிப் பின்பக்கம் மாட்டிவிடுவது என்று கந்தப்பன் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எடுத்த இடம் குன்னூரில் தேவநேசனின் டயர் கடை. அப்போது அங்கே ஏழு பேர் இருந்தார்கள். முடிவைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ஏழு பேரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

கந்தப்பன் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் தண்ணீர் பம்பு ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஒரு பழைய பிக்கப்பும் அவர் சொத்து. தன் இலையையும் அக்கம்பக்கத்தார் இலையையும் ஏற்றிக்கொண்டு தினமும் கீழே தேயிலை ஃபேக்டரிக்குப் போவார். வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான். பாரத்தோடு சாதுவாக இறங்கும் வண்டி, இலையைக் கொட்டிவிட்டு வெறுமையாக ஏறும்போது மழை பெய்திருந்தால் அடம்பிடிக்கும். பின்சக்கரங்கள் சேற்றில் சும்மா சுற்றும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு வளைவில் மாட்டிக்கொண்டபோது, ஒரு பால் வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது. ஊட்டி பஸ்ஸில் ஜன்னலுக்கு இரண்டு தலை வீதம் எட்டிப் பார்த்தார்கள்.

"கனம் பூராம் முன்னால இருக்குதுங்ணா. பின்னால காலி. வழுக்காம என்ன பண்ணும்?" என்றான் தேவநேசன்.

"அப்ப கனத்தைப் பின்னால வெச்சுட்டாப் போச்சு. இன்ஜினைத் தூக்கிப் பின்னால வெக்கறேன்."

"யாரு வெக்கறது?"

"நான்தான். வர்ற ஞாயித்துக்கெழமை."

"அப்படீன்னா இன்ஜின் தூக்கற செயின் பிளாக்கை நானே கொண்டாந்து தர்றனுங்ணா. நாங்க அத்தன பேரும் வந்து பாக்கறோம்."

வீடு திரும்பும் வழியில்தான் கந்தப்பனுக்கு மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ரேடியேட்டர். கியர் ராடு. கிளட்ச் கேபிள். இன்ஜின் பின்னால் உட்கார்ந்தால் இலை எங்கே உட்காரும் என்ற கேள்வி வெலிங்டன் தாண்டும்போது வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பிரித்த பம்புகளில் பாதி, திரும்ப மாட்டியபோது இரண்டு போல்ட்டாவது மிச்சம் வைத்தவை. பிக்கப்பைப் பிரித்தால் எத்தனை மிஞ்சுமோ.

வாசலுக்கு வந்தபோது வழி தெரிந்துவிட்டது. சுலோச்சனா இருக்கிறாளே.

இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அவர் மனைவி எதற்கும் சரி என்று சொன்னதில்லை. தேனீ வளர்க்கிறேன் என்றார், வேண்டாம் என்றாள். மசினகுடியில் டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டப் போகிறேன் என்றார், வேண்டாம் என்றாள். மீசையைக்கூட அவள் வேண்டாம் என்றதால்தான் எடுத்தார். இதற்கும் வேண்டாம் என்பாள். கடைக்குப் போய், 'ஊட்டுல ஒத்துக்கலைங்க' என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டால் போதும். நீலகிரி மாவட்டத்தில் கல்யாணமான எவனும் அதற்கு மேல் கேள்வி கேட்கமாட்டான்.

காபி டம்ளரை வாங்கிக்கொண்டு மிடுக்காக ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, வண்டி இன்ஜினைக் கழட்டிப் பின்னால வெக்கலாம்னு இருக்கறேன்."

"செய்யுங்க."

கந்தப்பன் காபியைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன?"

"செய்யுங்கன்னேன். நல்ல யோசனைதானுங்க."

"பாரம் ஏத்தற எடத்துல பாதி போயிருமாக்கும்."

"போகட்டுமுங்க. பாதி மூட்டை தூக்குனாப் போதும். எனக்கும் இடுப்பு வலி கொறையும்."

"இலையெல்லாம் டீசல் நாத்தம் அடிக்கும். ஃபேக்டரிக்காரன் திருப்பி அனுப்பிச்சுருவான்."

"நடுவுல தார்ப்பாய் கட்டிக்கலாமுங்க."

"ஏதாச்சும் தப்பாப் போச்சுன்னா வண்டியே போயிரும். சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"நீங்க ஃபிட்டருங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கந்தப்பனுக்கு வியர்த்தது.

புதன்கிழமை அவள் குன்னூர் போய்த் தார்ப்பாய் வாங்கி வந்தாள். வியாழக்கிழமை கோயிலுக்குப் போய் வண்டி பேரில் அர்ச்சனை செய்தாள். வெள்ளிக்கிழமை கீழ்வீடு மேல்வீடு எல்லாம் போய், "ஞாயித்துக்கெழமை வந்துருங்க, இவரு இன்ஜினைத் தூக்கறாரு" என்று அழைத்துவிட்டு வந்தாள். மகள் காதுகுத்துக்குக்கூட அவள் இவ்வளவு அலையவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கந்தப்பன் சமையலறைக்குப் போனபோது ஒரு அண்டாவில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு?"

"வடைக்குங்க. முப்பது பேரு வர்றாங்கல்ல."

கந்தப்பன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவரால் நடிக்க முடியவில்லை.

"சுலோச்சனா, ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லேன்."

"எதுக்குங்க?"

"எனக்கு அந்த வேலை தெரியாது. கழட்டிருவேன். மாட்ட முடியாது. வண்டி போயிருச்சுன்னா நாம ரெண்டு பேரும் நடுரோட்டுலதான் நிக்கோணும்."

"அத அந்தக் கடையிலயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ஏழு பேரு இருந்தாங்க."

அவள் உளுந்தை ஒரு கை அள்ளிப் பார்த்தாள். ஊறியது போதுமா என்று நசுக்கியும் பார்த்தாள்.

"வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா முப்பது பேரு முன்னால நான்தானுங்க பொல்லாதவ ஆகோணும். சும்மா ஆக முடியுமுங்களா?"

"உனக்கு என்ன வேணும் சொல்லு."

"வண்டி ஓட்டக் கத்துக் குடுங்க."

இதை அவள் ஏற்கெனவே நாலு தடவை கேட்டிருக்கிறாள். நாலு தடவையும் கந்தப்பன் கிளட்ச் கனம், ரோடு குறுகல், காட்டெருமை குறுக்கே வரும், உனக்குக் கால் எட்டாது என்று தடவைக்கு ஒன்றாகச் சொல்லியிருந்தார். இப்போது அண்டாவில் ஊறும் உளுந்தைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

"லைசென்ஸ் எடுக்கற வரைக்கும்."

"சரி."

"அப்புறமேட்டு வண்டி என் கைலதான்."

"சரி புள்ள, சரி."

ஞாயிற்றுக்கிழமை காலை தேவநேசன் செயின் பிளாக்கோடு வந்தான். கடையில் இருந்த ஏழு பேரும், வழக்கமாக எதற்கும் வராத உறவுகளும், பக்கத்து எஸ்டேட் ஆட்கள் சிலரும் வந்தார்கள். கந்தப்பன் காக்கிச் சட்டையும் கையில் ஸ்பேனருமாக, நிஜமாகவே கழற்றப் போகிறவர்போல் நின்றார். பானெட்டைத் திறக்கப் போகும் நேரத்தில் சுலோச்சனா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"தொட்டீங்கன்னா நான் இப்பவே எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். முன்னால இருக்கறதைப் பின்னால வெக்கறதுக்கு இது என்ன உங்க அப்பிச்சி வண்டியா? கெழட்டு வயசுல இது ஒரு கேடு. வெய்ங்க ஸ்பேனரை."

ஒப்பந்தத்தில் இல்லாத வரிகள் அதில் நிறைய இருந்தன. ஆனாலும் கந்தப்பனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தேனாக இனித்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தார். தேவநேசனைப் பார்த்து, "ஊட்டுல ஒத்துக்கலைங்க" என்றார்.

தேவநேசன் அவர் தோளைத் தட்டினான். எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள், வருத்தத்தோடு ஆளுக்கு நாலு வடை சாப்பிட்டார்கள். வண்டி முழுசாக நின்றது. மானமும் முழுசாக நின்றது. ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்ஜின் இறங்கிப் போய்விட்டது. கந்தப்பன் ஏழு வடை சாப்பிட்டார்.

கிளம்பும்போது தேவநேசன் பையிலிருந்து ஒரு தகடு எடுத்து அவரிடம் நீட்டினான். சிவப்பில் பளபளவென்று எழுதிய எல் போர்டு.

"அக்கா சொன்னதுங்ணா. புதங்கெழமையே வந்து ஆர்டர் குடுத்துட்டாங்க."

கந்தப்பன் திரும்பிப் பார்த்தார். சுலோச்சனா வடைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். புதன்கிழமையே. அவர் அரிசி மூட்டைமேல் உட்காருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே. கோபம் வருமா என்று பார்த்தார், வரவில்லை. வண்டி பிழைத்ததே போதும் என்று இருந்தது.

ஆனி மாதத்துக்குள் அவளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. உள்ளபடியே நன்றாக ஓட்டினாள். கந்தப்பன் பக்கத்து சீட்டில் சாய்ந்துகொண்டு, கை வலி இல்லை, கால் வலி இல்லை, இதை அவள் முதல் தடவை கேட்டபோதே செய்திருக்கலாமே என்று நினைக்கும் அளவுக்கு நன்றாக ஓட்டினாள். பிறகு மழை பிடித்தது. இலையைக் கொட்டிவிட்டு வெறுமையாக ஏறும்போது, அதே வளைவில், பின்சக்கரம் சேற்றில் சுற்றியது. சுலோச்சனா வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஏனுங்க, எறங்குங்க."

"தள்ளோணுமா?"

"தள்ள வேண்டாமுங்க. பின்னால ஏறி, சக்கரத்துக்கு நேரா மேல உக்காருங்க."

கந்தப்பன் குடையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்தத் தார்ப்பாயைத்தான் போர்த்திக்கொண்டார். அவள் கணக்குத் தப்பி ஒரே ஒரு தடவை வழுக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டார். வண்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு, வளைவை அழகாக ஏறி மேலே போய் நின்றது. முன்னாலிருந்து சுலோச்சனா தலையை வெளியே நீட்டினாள்.

"மழ முடியற வரைக்கும் உங்க எடம் அதுதானுங்க."