கைப்பிடி இல்லாத கடை

வந்தவர் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். ஏதோ ரகசியம் கேட்பவரைப் போலிருந்தது.

"அவரேதான்," என்று டிசைனரின் காதைக் கடித்தார் மேனேஜர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கடை திறக்கறது நாளைக்கு. கார்பென்டர் காலையில ரேக்கை உள்ள தூக்கிட்டு வர்றப்ப பின்னாடியே வந்தாரு. வந்ததுலேருந்து ஒரு செருப்பைக்கூடத் தொடல. சுவரையே பாக்கறாரு. செருப்புக் கடையில சுவரைப் பாக்கறவன் யாரு? சுவருக்குக் காசு குடுத்தவன்தான்!"

டிசைனர் கோணலாயிருந்த ஒரு செருப்பு ஜோடியை அவசரமாக நேராக்கினாள்.

முதலாளியை இருவருமே பார்த்ததில்லை. அவர் வேறு ஊரில் இருந்தார். அவருடைய செக்ரட்டரிதான் எப்போதும் போனில் பேசுவாள். நேற்று அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "சார் நாளைக்கு வருவாரு. சாதாரண ஆள் மாதிரி வந்து, கடை எப்படியிருக்குன்னு பாப்பாரு. யாரும் வணக்கம் போடாதீங்க, முதலாளின்னு தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க. காட்டிக்கிட்டா அவருக்குப் பயங்கரக் கோவம் வரும்."

கட்டடமே அவருடையது. கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள். முதலில் முடிந்தது இந்தச் செருப்புக் கடை. இது அவருக்குப் பிடித்துவிட்டால் மீதி மாடி வேலை அத்தனையும் டிசைனருக்கு. பிடிக்காவிட்டால் அவள் பழையபடி அண்ணனுடைய டைல்ஸ் கடையில் பில் போட வேண்டியதுதான். அண்ணி ஏற்கெனவே ஜாடை பேச ஆரம்பித்திருந்தாள். "பெரிய பெரிய கட்டடமெல்லாம் கட்டி முடிச்சதும் இங்கதானேம்மா வரப்போறே? வா வா, பில் புக்கு எங்கயும் ஓடிடாது."

அந்தக் கடை அவள் பெற்ற பிள்ளை மாதிரி. தரை வெள்ளை, கூரை வெள்ளை, சுவரும் வெள்ளை. சுவர் முழுக்க ஒரே அகலத்தில் பலகைகள், இடையிடையே கண்ணாடிகள். கைப்பிடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினால் பலகை தானாகத் திறக்கும். "கைப்பிடி வச்சா கண்ணு அங்க போயிடும். கண்ணு செருப்புலதான் இருக்கணும்" என்பது அவள் கட்சி. எந்த இடம் என்று நினைவு வைத்துக்கொள்ள கடைக்காரர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த வாரத்தில் மேனேஜர் பாத்ரூம் என்று நினைத்து மின்சாரப் பெட்டியைத் திறந்தது தனிக்கதை.

வந்தவர் இப்போது ஒரு கண்ணாடி முன்னால் நின்றார். தன்னைத்தானே பார்த்தார். அதை விரலால் தள்ளினார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த கண்ணாடிக்குப் போனார். அங்கும் ஒரு பெருமூச்சு.

"போச்சு," என்றாள் டிசைனர். "கண்ணாடி பிடிக்கல அவருக்கு."

"தொப்பை தெரியுதுல்ல மேடம். எனக்கே பிடிக்கல."

உடனே கார்பென்டரை விட்டு எல்லாக் கண்ணாடிகள் மேலும் பழுப்புத் தாள் ஒட்டச் சொன்னாள். ஒட்டி முடித்ததும் வந்தவர் நடுக்கடையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் முன்னைவிட வாடிப்போயிருந்தது. திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தைக்குக்கூட அப்படி உதடு பிதுங்காது.

"காபி குடுத்துப் பாக்கலாமா?" என்றார் மேனேஜர்.

"தெரிஞ்ச மாதிரி ஆயிடுமே?"

"வர்றவங்க எல்லாருக்கும் குடுப்போம்னு சொல்லிக்கலாம்."

காபி வந்தது. வந்தவர் மறுக்கக் கூச்சப்பட்டுக் குடித்தார். இன்னொன்று கொடுத்தார்கள், அதையும் குடித்தார். சற்று நேரம் கழித்துக் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கத் தொடங்கினார்.

"பாருங்க, பாருங்க! தரை வழுக்குதான்னு பாக்கறாரு," என்றார் மேனேஜர் மெய்சிலிர்த்து. "எவ்வளவு நுணுக்கம்!"

சேல்ஸ் பெண் ஏதோ எடுக்க ஸ்டோர் ரூம் பக்கம் போனாள். வந்தவர் அவள் பின்னாலேயே வேகமாக நடந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். முதலாளியே தன்னைத் துரத்துகிறார் என்று தெரிந்ததும் பயந்துபோய்ப் பலகைக்குள் புகுந்து டப்பென்று மூடிக்கொண்டாள். வந்தவர் அந்தப் பலகை எது என்று தெரியாமல் அங்கிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டொக். டொக். டொக்.

"உள்ள வெறும் காத்துன்னு கண்டுபிடிச்சிட்டாரு," டிசைனருக்கு அழுகை வந்தது. "லேசா அடிச்சா சத்தம் வருது. மட்டமான வேலைன்னு நினைப்பாரு. அண்ணே, எல்லாப் பலகையையும் ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க!"

"எல்லாத்தையுமா?" என்றார் கார்பென்டர்.

"ஒண்ணு விடாம!"

கார்பென்டர் சொன்னதை அப்படியே செய்கிற ஆள். டிரில்லை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விளாசித் தள்ளினார். வந்தவர் அந்த வேலையைக் கண்கொட்டாமல் பார்த்தார். ஒவ்வொரு ஸ்க்ரூ இறங்கும்போதும் அவர் தோளும் கொஞ்சம் இறங்கியது.

"முடிஞ்சுது மேடம். இனி யானை வந்து முட்டினாலும் அசையாது," என்றார் கார்பென்டர். தலையைச் சொறிந்தார். "ஆனா வாசல் பலகையும் இதுல சேத்தி. ஸ்டோர் ரூமும்தான். அந்தப் பொண்ணு வெளிய வந்துடுச்சா?"

பதில் சுவருக்குள்ளிருந்து வந்தது. தட்டினாள்.

வந்தவர் துள்ளிக் குதித்து ஓடிப்போய்ச் சுவரில் காதை வைத்தார். அவரும் தட்டினார். உள்ளிருந்து மறுபடி தட்டினாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஸ்க்ரூவைக் கழட்டுங்க அண்ணே, சீக்கிரம்!"

"டிரில்லுல சார்ஜ் தீந்துபோச்சு மேடம். ஏத்திட்டுத்தான் கழட்டணும்."

உள்ளே தட்டுவது கேட்காமலிருக்க டிசைனர் பாய்ந்துபோய்ப் பாட்டைச் சத்தமாக வைத்தாள். வந்தவர் இரண்டு கையாலும் சுவரை அடித்தார்.

"தாளம் போடறாரு!" என்றார் மேனேஜர். "பாட்டு பிடிச்சிருக்கு மேடம். ஒண்ணாவது பிடிச்சுதே!"

அந்த நேரம் பார்த்து வந்தவருக்குப் போன் வந்தது. அவர் ஒரு மூலைக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிக் குசுகுசுத்தார். மேனேஜர் ரேக்குக்குப் பின்னால் தவழ்ந்துபோய்க் கேட்டுவிட்டு, முழங்காலில் வெள்ளைத் தூசியோடு திரும்பினார்.

"என்ன சொன்னாரு?"

"'இன்னும் உள்ளதான் இருக்கேன்'னாரு. 'யார்கிட்டயும் கேக்க மாட்டேன், நானே பாத்துக்கறேன்'னாரு. அப்புறம் 'நீ அங்கயே நில்லு'ன்னாரு. வெளிய கார்ல ஆள் நிக்குது போல. வக்கீலா இருக்கும்."

"வக்கீலா? எதுக்கு?"

"வேற எதுக்கு, நம்ம மேல கேஸ் போடத்தான்."

டிசைனர் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் பில் புக்கும் அதைப் புரட்டியபடி அண்ணியும் தெரிந்தார்கள். அவள் கண்ணைத் திறந்தபோது வந்தவர் எதிரில் நின்றார். முதல் தடவையாக அவளிடம் வாயைத் திறந்தார்.

"ஏம்மா... இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ரோடு சார்."

"ரோடா!" அந்தச் சொல்லை அவர் மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கடன் கேட்பவரைப் போல, "இந்த இடத்துல ஒரு வழி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்?" என்றார்.

டிசைனரும் மேனேஜரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நேரமும் மனிதர் சுவரைத் தட்டித் தட்டித் தேடியது இதைத்தானா? எப்பேர்ப்பட்ட யோசனை! ரோட்டில் போகிறவன் நேராகச் செருப்பு முன்னால் வந்து நிற்பானே!

"இடிங்க அண்ணே!"

"மேடம், பெரிய ரேக்கு இந்தச் சுவர்லதான்..."

"ரேக்கோட சேத்து இடிங்க!"

உள்ளே பலகை, வெளியே தகடு, நடுவில் அதே வெறும் காற்று. சுத்தியலின் நாலு அடிக்கு மேல் அது தாங்கவில்லை. ரேக் சரிந்தது, செருப்புகள் ஜோடி பிரிந்து நாலாபக்கமும் ஓடின. தூசி அடங்கியபோது ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை தெரிந்தது. அதன் வழியே வெயிலும் பஸ் சத்தமும் கடைக்குள் வந்தன.

வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிசைனரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லாயிருக்கணும் தாயி."

மேனேஜர் தன்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். டிசைனருக்குக் கால் தரையில் பாவவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, பில் போட வேற ஆளைப் பாத்துக்கட்டும். நான் இனிமே அந்தப் பக்கமே வர மாட்டேன். முதலாளி என்னையக் கும்பிட்டுட்டாரு அண்ணி! ஆமா, கையெடுத்து! ஏன், நம்பிக்கை இல்லையா? வந்து பாருங்க, அவருக்காகச் சுவரையே இடிச்சிருக்கேன்!"

அதற்குள் அவர் குனிந்து ஓட்டை வழியே வெளியே போய்விட்டார். கார்வரைக்கும் போய் வழியனுப்பலாம் என்று மூவரும் பின்னாலேயே குனிந்து போனார்கள். காரைக் காணவில்லை. பிளாட்பாரத்தில் கையில் குடையோடும் காய்கறிப் பையோடும் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். தலைமுதல் கால்வரை வெள்ளையாக வந்து நின்றவரைப் பார்த்ததும் குடையை ஓங்கினாள்.

"ஒரு செருப்பு விலை பாத்துட்டு வர்றேன்னு காலையில போன மனுஷன்! வெளிய போற வழி எதுன்னு யார்கிட்டயாவது வாயைத் திறந்து கேட்டா உங்க தலையில இருக்கற கிரீடம் கீழ விழுந்துடுமா?"