தெருக்கதவு சாத்திய பிறகு

மனைவியின் செருப்புச் சத்தம் படியேறி வந்ததும், லிஃப்ட் மெக்கானிக் அவசர அவசரமாக ஒரு கரண்டி பிசைந்த வாழைப்பழத்தை மகன் வாயில் வைத்தான். பயல் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பழத்தைக் கவனிக்க ஆரம்பித்தான்.

"இன்னிக்காவது ஏதாவது சொன்னானா?" உள்ளே வந்தவள் பையைக்கூட கீழே வைக்காமல் கேட்டாள்.

"எங்கே? வாயைத் திறந்தா சாப்பிடத்தான் திறக்கிறான்."

பொய். சுத்தமான, கலப்படமில்லாத பொய். மத்தியானம் பூராவும் அந்தப் பயல் பேசிக்கொண்டுதான் இருந்தான். ஒரே சொல்தான், ஆனால் அட்சர சுத்தம். அவள் மொழியில் பெற்றவளை எப்படிக் கூப்பிடுவார்களோ, அந்தச் சொல்.

விஷயம் என்னவென்றால், அந்த வீட்டில் இரண்டு மொழி. கல்யாணத்துக்காக அவன் அவள் மொழியைக் கற்றுக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் கொஞ்சுவது, சண்டை போடுவது, சமாதானமாவது எல்லாம் அதில்தான். தமிழ் அவனோடு பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கியதோடு சரி. அந்த ஊரில் அவனோடு தமிழ் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. லிஃப்ட் கூண்டுக்குள் ஸ்பானர் காலில் விழும்போது அவன் திட்டுகிற திட்டுதான் ஊரில் புழங்கிய மொத்தத் தமிழும்.

பிள்ளை பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் அவள் மொழியில்தான் பேச வேண்டும், அவன் தமிழில்தான் பேச வேண்டும், பிள்ளை இரண்டையும் பிடித்துக்கொள்வான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மருந்துக் கடை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாள் பூராவும் பிள்ளையோடு இருந்தாள். இவனோ விடிந்ததும் கிளம்பி, பிள்ளை தூங்கும் நேரத்துக்கு வருகிறவன். இவன் பங்குக்கு என்ன மிஞ்சும்?

தன் வீட்டுக்குள் தன் மொழியில் தனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அது நடக்காமலே போய்விடுமோ என்று அவனுக்கு உள்ளூரப் பயம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அதனால்தான் ஒரு விடுமுறை நாளில் மனைவியை வலுக்கட்டாயமாகத் தோழி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா சொல்லு, அப்பா" என்று பாடம் நடத்தினான். பயல் அப்பாவின் மூக்கைப் பிடித்துப் பார்த்தான், காதை இழுத்துப் பார்த்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அவள் மொழிச் சொல்லைக் கணீரென்று சொன்னான்.

பிள்ளையின் முதல் சொல். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட வேண்டிய நேரம். அவனோ, தமிழும் வந்து சேரட்டும், இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடி மறைத்துவிட்டான்.

சரி, நேரம்தான் போதவில்லை என்று முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாரத்தில் பாதி நாள் மத்தியான விடுப்பு வாங்கினான். அந்த மத்தியானங்களில் எல்லாம் மனைவியைத் துரத்திவிட்டான். முடி வெட்டிக்கொள்ளப் போ என்றான். வெட்டிக்கொண்டு வந்தவளைச் சரியாக வெட்டவில்லை, மறுபடி போ என்றான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

பலன் என்ன தெரியுமா? அவள் எத்தனைக்கெத்தனை வெளியே போனாளோ, அத்தனைக்கத்தனை பயல் அதே சொல்லைக் கத்தினான். கதவைத் தட்டிக்கொண்டு கத்தினான். பழைய கட்டடம், மெல்லிய தரை. ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான். கீழே தையல்காரர் கடை. அவர் காதில் விழுந்து மனைவியிடம் சொல்லிவிட்டால்? மெக்கானிக் சத்தத்தை மறைக்க வாக்குவம் கிளீனரைப் போட்டான். பயல் பயந்துபோய் இன்னும் உரக்கக் கத்தினான். அப்போது கைக்கு வந்ததுதான் வாழைப்பழம்.

பழம் வேலை செய்தது, வாயில் மட்டுமல்ல, வயிற்றிலும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, பழத்தை நிறுத்தச் சொன்னார். போகிற போக்கில், "வார்த்தை ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றான் அவன். அதே நேரத்தில் அவளும் "இல்லை" என்றாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் இத்தனை மாதத்துக்கு ஒரு சொல்கூட இல்லையென்றால் காதைச் சோதித்துவிடுவது நல்லது என்று நாள் குறித்துக் கொடுத்தார். மெக்கானிக் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் செருகினான். நன்றாகக் காது கேட்கிற பிள்ளை, நன்றாகப் பேசுகிற பிள்ளை, தகப்பனின் பொறாமையால் சோதனைக்குப் போகப் போகிறான்.

சோதனைக்குக் கிளம்பும் காலையில், மனைவி பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "கவலைப்படாதீங்க. அவன் பேசுவான். உங்க பாஷையிலதான் முதல்ல பேசுவான், பாருங்க."

அதற்கு மேல் அவனால் மறைத்து வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் அதற்குள் கீழே இருக்கிறவர் வாய் வழியாக அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் இருக்கிற மானமும் போய்விடும். டாக்ஸி வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் கீழே இறங்கித் தையல்காரர் முன்னால் போய் நின்றான்.

தையல்காரர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி ஒரு கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் தலையைக் குனிந்தபடி ஒன்றுவிடாமல் சொன்னான். பையன் அவளைக் கூப்பிட்டதை, தான் மறைத்ததை, வாக்குவம் கிளீனரை, பழத்தை.

"மேலேருந்து உங்களுக்குக் கேட்டிருக்கும். நானே அவகிட்ட சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க."

தையல்காரர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் குத்தினார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"இதே நாற்காலிகிட்ட நின்னுதான் உங்க வீட்டம்மாவும் என் வாயைக் கட்டிட்டுப் போனாங்க, தம்பி."

"அவளா? எதுக்கு?"

"'அது அவர் காதுல தானா விழணும், அவர்தான் முதல்ல கேட்டதா இருக்கணும், நீங்க சொல்லிடாதீங்க'ன்னாங்க. அர்த்தம் மட்டும் சொல்லல. தினமும் காலையில நீங்க இறங்கிப் போய் தெருக்கதவு சாத்தின சத்தம் கேட்டதும், உங்க பையன் மேலே கதவைத் தட்டித் தட்டி 'அப்பா, அப்பா'ன்னு அழறானே, அப்படின்னா உங்க பாஷையில என்ன தம்பி?"