வைத்த பல்லுக்கு எதற்கு பிரஷ்?

திரேஸ்புரம்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் ஜேசுபாதம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஏசுவடியான் எழுதிக்கொண்டது. இங்கன எல்லாரும் சுகம், என் மேல்வரிசை முன்பல்லைத் தவிர. அங்கன உங்கள் முப்பத்திரண்டும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

ஒரு சங்கதியை முதலில் ஒத்துக்கொள்ளுகிறேன், சிரிக்கக்கூடாது. இரண்டு வருசத்துக்கு முன் நீங்கள் கூட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்ட அந்தப் பல்லை நான் இன்றுவரை தேய்த்ததில்லை. மற்றதையெல்லாம் தேய்ப்பேன், அந்த இடம் வந்ததும் பிரஷைத் தூக்கி அடுத்த பல்லில் வைப்பேன். எலும்பில் திருகு இறக்கி மாட்டுகிற பல், சொத்தை விழாது, ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொன்னது யார்? நீங்கள்தானே. சொத்தை விழாத பல்லைத் தேய்க்க எனக்கென்ன கிறுக்கா? கிழிந்த வலையைப் பொத்தும்போது நைலான் நூலைக் கடித்து அறுக்க அதுபோல ஒரு பல் கிடையாது.

போன மாசம் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. உங்கள் தங்கை மரியசெல்வி என் எதிரே உட்கார்ந்து சாப்பிடமாட்டேன் என்றுவிட்டாள். பல்லை வைத்த அதே டாக்டர் கிருஷ்ணவேணியிடம் போனால், படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் குற்றமில்லை, சுற்றிலும் அழுக்குப் படிந்து ஈறு புண்ணாகி, திருகைப் பிடித்திருக்கிற எலும்பு கரைகிறது என்கிறது அந்தம்மா. விடுவேனா? பல்லு நீங்க வச்சது, எலும்பு எங்கப்பன் கொடுத்தது, அதில் எப்படிக் குறை வரும் என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, கரையில இரும்புக் கம்பு நட்டிருக்கு. அடிமணலை அலை அரிச்சா கம்பு நிக்குமா?"

கடலில் கால் நனைக்காத பிள்ளை எனக்கு மணல் பாடம் நடத்துது பாருங்கள். நூலைக் கடிக்கக்கூடாதாம், பீடியை விடணுமாம், சின்ன பிரஷ் வாங்கி அந்தப் பல்லைச் சுற்றித் தினமும் தேய்க்கணுமாம். ஈறைத் திறந்து சுத்தம் பண்ணுமாம், எலும்பு ரொம்பக் கரைந்திருந்தால் பல்லைக் கழற்றிவிடுமாம். அடுத்த மாசம் பெனிஷா கலியாணம். பெண்ணைப் பெற்றவன் ஓட்டை வாயோடா போட்டோவுக்கு நிற்பான்? வீட்டில் வந்து சொன்னால் உங்கள் தங்கை அதற்கு மேல்.

"வள்ளத்து அடியில ஒட்டுன சிப்பியை மாசாமாசம் சுரண்டுதிய. ஒத்தப் பல்லைச் சுரண்ட வலிக்குதோ?"

ஆகவே மச்சான், நீங்கள் வந்து அந்தம்மாவை நாலு கேள்வி கேட்டே ஆகணும். நான் தேய்க்கப்போவதில்லை, இது உறுதி. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸ்தோத்திரம். கலியாண வீட்டில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்க மாதா அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஏசுவடியான்

பி.கு.: வரவேண்டாம். இதைத் தபாலில் போடுமுன் டாக்டரம்மா ஈறைத் திறந்து சுத்தம் செய்துவிட்டது. பல் நிற்குமாம். மூன்று பிரஷ் வாங்கிவிட்டேன். சந்தோசத்தில் நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சிரித்துக் காட்டினேன். ஊசி போட்ட உதடு மரத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. கொடுத்த காப்பியை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்ததில், அத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியின் மடியில் இறங்கிவிட்டது. வெள்ளை வேட்டி.