டிக்சன் உயரத்துக்கு ஒரு வண்டி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாமல் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் 'முகில் ரைடர்ஸ் பேரவை' என்ற பைக் சங்கத்தைக் கண்டுபிடித்தது. அதற்கு மேல் நாகரிகம் போவதற்கு இடமில்லை. மலை முடிந்துவிட்டது.

இந்தப் பேரவைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தான் டிக்சன். பணிவால் அல்ல. அவன் ஆறடி மூன்று அங்குலம். பேரவை கூடுவதோ தலைவர் லூர்துசாமியின் பேக்கரி மாடியில், வாசல் அவன் தோளுக்குத்தான் வரும். இருந்தாலும் பேரவை அதைப் பணிவென்றே ஏற்றுக்கொண்டு மகிழ்ந்தது.

டிக்சன் ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்ப்பவன். லாட்ஜ் முதலாளி மலைச்சரிவில் உள்ள அடுக்கம் கிராமத்தில் புதிதாகச் சில காட்டேஜ்கள் கட்டியிருந்தார். அங்கே மேனேஜர் வேலை டிக்சனுக்குத்தான் என்று வாயாலேயே கொடுத்தும்விட்டார். ஒரே நிபந்தனை: திங்கட்கிழமை முதல், விருந்தாளிகள் எழுந்து காபி கேட்பதற்குள் சொந்த வண்டியில் வந்து நிற்கவேண்டும். பஸ்ஸை நம்பி வருகிறவன் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் மேனேஜராக இருக்கலாம் என்பது முதலாளியின் கொள்கை.

வண்டியும் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அதே ரிசப்ஷனில் வேலை பார்க்கும் செலினாவின் அப்பா, கேரட் மூட்டை சுமந்து சுமந்து பெயின்ட் போன நூறு சிசி வண்டி ஒன்றை விற்க வைத்திருந்தார்.

"முட்டி கொஞ்சம் ஹேண்டில்பார்ல இடிக்கும்ணே," என்றாள் செலினா. "ஆனா எந்த மேட்டுலயும் நிக்கும். விழுந்தா ஒத்த ஆளா தூக்கிரலாம்."

விவரம் தெரியாத பெண். வண்டி வாங்கும்போதே விழுவதைப் பற்றிப் பேசுகிறாள்.

அந்தப் பாதாளத்தில் டிக்சன் கால் வைக்குமுன், யோசனை கேட்க வந்த அவனைத் தடுத்தாட்கொண்டது பேரவை.

"நூறு சிசியா?" லூர்துசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சாவுச் செய்தி கேட்டால் மட்டுமே அவர் அதைக் கழற்றுவார். "ஏலே, ஆட்டுக்குட்டி மேல ஒட்டகம் உக்காந்த மாதிரில்ல இருக்கும்?"

"வேலைக்குப் போறதுக்குத்தானுங்களே…"

"வேலைக்கு எவன் வேணாலும் போவான் தம்பி. எப்படிப் போறோம்ங்கிறதுலதான் லைஃப்ஸ்டைலே இருக்கு," என்றார் செயலாளர் ராஜமுருகன். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். கூட்டம் என்றால் தவறாமல் மலையேறி வந்துவிடுவார். முழங்கால் கவசத்தைக் கழற்றாமலே பஜ்ஜி சாப்பிடும் அளவுக்கு அர்ப்பணிப்பு.

உடனடியாக 'உயரமானோர் முதல் வாகனத் தேர்வு உபகுழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள்: தலைவர், செயலாளர். நாட்டின் நேரத்தை வீணாக்க விரும்பாத உபகுழு, உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூட மாற்றாமல் அங்கேயே கூடியது. டிக்சனின் கால் டெய்லர் டேப்பால் அளக்கப்பட்டது. டேப் முடிந்தது, கால் முடியவில்லை.

"இது காலு இல்லலே, யூகலிப்டஸ் மரம்," என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

வீடியோக்கள் பார்க்கப்பட்டன. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பாலைவனத்தில் புழுதி பறக்கப் போய்க்கொண்டிருந்தார். கொடைக்கானலுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. மூன்றாவது தட்டு பஜ்ஜி தீர்ந்தபோது முடிவு வந்தது: 'அட்வென்ச்சர்' வண்டி. சீட் டிக்சனின் இடுப்புக்கு, டேங்க் அதற்கும் மேலே. இரண்டு ஆள் எடை. மதுரையில் ஒருவர் அதை வாங்கி இரண்டே மாதத்தில் விற்கத் துடித்துக்கொண்டிருந்தார். ஏன் துடிக்கிறார் என்று உபகுழு கேட்கவில்லை; பிறர் சொந்த விஷயத்தில் தலையிடுவது நாகரிகமல்ல.

கேட்கப்படாத கேள்வி இன்னொன்றும் உண்டு: டிக்சனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? மச்சானுடைய ஸ்கூட்டரில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவன் அவன். அதுபோன்ற சில்லறைச் சங்கதிகளில் இறங்குவது உபகுழுவின் மாண்புக்கு அழகல்ல.

மறுநாளே வண்டி லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது.

"அப்ப, அப்பா வண்டி?" என்று கேட்டாள் செலினா.

"சாரி செலினா. பேரவை முடிவு."

"பரவால்லண்ணே. சும்மா கெடக்குறதுக்கு நானே ஓட்டிக்கிறேன்."

புது வண்டியோ பழைய வண்டியோ, ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த மைதானத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு: அந்தப் பக்கத்தில் சமமாகக் கிடக்கும் இடம் அது ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் ஒன்று ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.

டிக்சன் ஏறி உட்கார்ந்தான். ராஜமுருகன் மண்டியிட்டு, அவன் ஷூவுக்கும் தரைக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பாதமும் ஃபிளாட்! தலைவரே, ஃபிளாட்!"

கைதட்டல் எழுந்தது. படம் எடுக்கப்பட்டது. தீர்த்தம் தெளித்துவிட்டுப் பங்குச் சாமியார் டிக்சன் காதருகே குனிந்தார். "பிரேக் எங்க இருக்குன்னு தெரியுமாப்பா?"

இத்தனை நாளில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். சாமியார் பேரவை உறுப்பினர் இல்லையாதலால் அது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

திங்கட்கிழமை வெள்ளனே டிக்சன் புறப்பட்டான். பெருமாள்மலையில் அடுக்கம் ரோடு பிரியும் இடத்தில் பேரவை முன்கூட்டியே வந்து நின்று கொடியசைத்தது. அவர்கள் எதில் வந்தார்கள் என்று பார்க்க டிக்சனுக்கு அவகாசம் இல்லை. கிளட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலைந்து வளைவு நன்றாகவே போனது. அடுத்த வளைவில் வாழைத்தார் ஏற்றிய ஜீப் ஒன்று மேலே ஏறி வந்தது. டிக்சன் ஒதுங்கி நின்றான். பள்ளத்துப் பக்கம் இடது காலை ஊன்றினான். ஊன்றப் பார்த்தான். மைதானத்தில் இருந்த தரை அங்கே இல்லை. அரையடி கீழே இறங்கியிருந்தது. ஆறடி மூன்று அங்குலமும் போதாமல் போன இடம் அது.

வண்டி பதறாமல், பதவியேற்கும் பிரமுகர் நாற்காலியில் சாய்வதுபோல, நிதானமாகச் சாய்ந்தது. டிக்சனும் கூடவே பதவியேற்றான்.

கணுக்காலை உருவிக்கொண்டு வண்டியைத் தூக்கினான். அது எழவில்லை. ஜீப் டிரைவர் எட்டிப் பார்த்து, "படத்துல வர்ற வண்டில்ல இது? ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மணி ஆகிக்கொண்டிருந்தது. அடுக்கத்தில் யாரோ காபி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பின்னால் படபடவென்று ஒரு சத்தம். பெயின்ட் போன வண்டியில் செலினா.

"ஐயோ, காலு?"

"சுளுக்குதான். நீ எங்க இந்தப் பக்கம்?"

செலினா கொஞ்சம் தயங்கினாள். "முதலாளி போன் போட்டாருண்ணே. காபிக்கு ஆளில்லாம கெஸ்ட் கத்துறாங்களாம். உங்களுக்கு அடிச்சா எடுக்கலையாம். வெரசா நீ போய்த் தொறன்னாரு."

டிக்சன் போனைத் தேடினான். அது வண்டிக்கு அடியில் இருந்தது.

"நீ போ, செலினா."

"இப்படியே விட்டுட்டா? ஏறுங்கண்ணே."

ஏறினான். முழங்கால்கள் இரண்டும் வளைவுக்கு வளைவு பாறையையும் பள்ளத்தையும் மாற்றி மாற்றித் தொட்டன. ஆட்டுக்குட்டி மேல் ஒட்டகம்தான். ஆனால் ஆட்டுக்குட்டி போய்ச் சேர்ந்தது. செலினா காட்டேஜைத் திறந்தாள், பால் காய்ச்சினாள், கத்தியவர்களைச் சிரிக்க வைத்தாள். மத்தியானம் முதலாளி வந்தார். வாயால் கொடுத்த வேலையை வாயாலேயே எடுத்து, வந்து நின்ற ஆளிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பேரவை அவசரமாகக் கூடியது. டிக்சன் நொண்டிக்கொண்டு, குனிந்துகொண்டு வந்தான். சமமாக இல்லாத அடுக்கம் சாலைக்குக் கடும் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. விழுந்த விதத்தில் உயரத்துக்கேற்ற கம்பீரம் இருந்ததாகத் தலைவர் பாராட்டினார். வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டதாக டிக்சன் சொன்னதும், பேரவைக்கு வேண்டிய முழுத் தகுதியும் அவனுக்கு வந்துவிட்டதென்று கருதி, இணைச் செயலாளர் பதவியும் கொடுத்தார்கள்.

டிக்சன் நன்றி சொன்னான். கூடவே ஒரு தீர்மானமும் முன்மொழிந்தான்: அடுத்த கூட்டம் அடுக்கத்தில், செலினாவின் காட்டேஜில். எல்லாரும் அவரவர் வண்டியை அவரவரே ஓட்டிக்கொண்டு வரவேண்டும்.

எந்தத் தீர்மானத்தையும் தோற்கடித்த களங்கம் பேரவைக்கு இல்லை. பலத்த கரகோஷத்துடன் ஒருமனதாக நிறைவேறியது. கரகோஷம் அடங்கியதும் லூர்துசாமி செயலாளர் பக்கம் சாய்ந்தார்.

"ராஜமுருகா, கொடியசைக்க நம்மள ஏத்திட்டுப் போனானே, அந்த ஜீப்புக்காரனுக்கே சொல்லிரு."

"சொல்லிடுறேன் தலைவரே," என்றார் ராஜமுருகன், முழங்கால் கவசத்தை இறுக்கிக்கொண்டே. "ஜன்னலோரம் எனக்கு. வளைவு வந்தா எனக்கு வாந்தி வரும்."