துவைக்காத நீலச் சட்டை

இலங்கையிலேயே பன்றியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு இரத்தம் எடுத்த ஒரே மனிதர் எங்கள் சட்டை ஐயாதான். சிலாபம் கரையோரத்து மிருக வைத்தியக் கந்தோரில் நானும் அவரும் வேலை. யுத்தம் முடிந்து, இரத்தக் குப்பிகள் கொண்டுபோகும் குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்ன சோதனைச்சாவடிகளும் எடுபட்டுவிட்ட காலம்.

அவரிடம் ஒரு நீலச் சட்டை இருந்தது. துவைக்கவே மாட்டார். மணம் மாறினால் பன்றிக்கு ஆள் மாறிப்போகுமாம். கந்தோர் அலுமாரியில் அது தொங்கியதால், கோப்பு எடுக்கப் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். ஒரு பட்டிக்கு மூன்று நாள் சும்மா போய், தேங்காய்த் தும்பால் பன்றிகளின் முதுகு சொறிந்து, ஊர்க்கதை சொல்லிவிட்டு, நாலாம் நாள்தான் ஊசியை எடுப்பார். பன்றி படுத்தபடியே ஊசிக்குக் காதைக் கொடுக்கும். என் மாமியார்கூட என்னை அவ்வளவு நம்பியதில்லை.

அவர் லீவில் நின்ற கிழமை, பிலோமினா அக்காவின் பன்றிகளுக்கு நான் போக வேண்டி வந்தது. எனக்கேது பொறுமை? கரையில் மீன்வாடியில் நின்ற நாலு பேரைக் கூட்டிப்போய், பன்றிகளின் மூக்கில் கயிறு போட்டு இழுத்து, அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தேன். அலறல் கோயில்வரை கேட்டதாம்.

சோதனையில் வெள்ளை அணுக்கள் ஏறிக் கிடந்தன. பன்றிகளுக்குள் நோய் பரவிய நேரம் வேறு. எல்லாவற்றையும் கொன்று புதைக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். புருஷனைக் கடலில் பறிகொடுத்த அக்காவுக்கு அந்தப் பன்றிகள்தான் சோறு.

லீவு முடிந்து வந்த ஐயா அறிக்கையைப் பார்த்தார்.

"சேர், இது நோய் வருத்தமில்லை, பயந்த ரத்தம். ரெண்டு நிமிசம் பிடிச்சு இழுத்தாலே வெள்ளை அணு ஏறிப்போகும். எனக்கு நாலு நாள் தாங்கோ."

யார் எடுத்த இரத்தம் என்று டொக்டர் கேட்டார்.

"எங்கட கந்தோர்தான் எடுத்தது, சேர்," என்றார் ஐயா.

வெளியே வந்ததும் அலுமாரியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார்.

"அதுகளுக்கு உன்னிலதான் பயம், தம்பி. நீதான் போய் ஆத்தவேணும்."

மூன்று நாள் அந்த நாற்றத்துக்குள் இருந்து முதுகு சொறிந்தேன். கதை தீர்ந்துபோய் என் கல்யாணக் கதையையும் சொன்னேன். நாலாம் நாள் ஊசி போட்டு இரத்தம் எடுத்தபோது ஒரு பன்றியும் கத்தவில்லை. இரத்தத்திலும் ஒரு குறையுமில்லை; பன்றிகள் தப்பின. அக்கா எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு அழுதா.

ஓய்வுபெற்றுப் போகும்போது ஐயா சட்டையை எனக்கே தந்துவிட்டார். போன மாதம் மனைவி அதைச் சவர்க்காரத் தண்ணீரில் போடப் போனாள். ஓடிப்போய்ப் பறித்தேன். ஐயா இப்போது இல்லை. அந்த மணமும் போய்விட்டால் அவரை நான் எங்கே தேடுவேன்?